நான்கு கப்பல்களும் ஒரு வைன் கிளாசும்

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மலாக்கா நீரிணையில் இருட்டிவிட்டது. ஒரே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த நாங்கள் ஐந்து பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒருத்தன் கிள்ளான், ஒருத்தி பிரிக்பீல்ட்ஸ், இரண்டு பேர் ஷா ஆலாம், நான் செலாயாங். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருசம் ஆனதைக் கொண்டாட மூன்று இரவுப் பயணம். அதில் ஓர் இரவு ‘வைன் பேரிங்’ விருந்து. ஐந்து வகை உணவு, ஐந்து வகை வைன். ஒவ்வோர் உணவுக்கும் அதற்கென்று தேர்ந்த ஒரு வைன்.

பரிமாறிய பிலிப்பினோக்காரர் பொறுமையாக விளக்கினார். பச்சைச் சிப்பிக்கு நியூசிலாந்து சாவிஞ்ஞோன் பிளாங்க். அதன் புளிப்பு, எலுமிச்சை பிழிந்த மாதிரி வேலை செய்யும். மிளகாய் போட்ட இறாலுக்கு லேசாக இனிக்கும் ரீஸ்லிங். இனிப்பு காரத்தை அடக்கும். ஆல்கஹால் கூடினால் காரமும் கூடும் என்பதால் அது குறைந்த வைன்தான் காரத்துக்கு ஏற்றது. வாத்துக்குப் பினோ நுவார். ஆட்டுக்கறிக்கு கபர்னே சாவிஞ்ஞோன். அதிலுள்ள துவர்ப்பு கறியின் புரதத்தோடு சேர்ந்துகொள்வதால் நாக்கில் தோல் உரிவதுபோன்ற உணர்வு குறையும். கடைசியில் பாலாடைக்கட்டியோடு போர்ட்.

எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. ஒவ்வொரு கிளாசிலும் இரண்டு வாய்தான். ஆனால் முதல் வாய் உணவுக்கு முன், இரண்டாவது வாய் உணவுக்குப் பின். அதே வைன் வேறு ருசியில் வருகிறது. ஒரு சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிடுவது மாதிரி இருந்தது.

கிள்ளான் நண்பன் எடுத்த படத்தை வாட்ஸ்அப் நிலையில் போட்டான். சிவப்பு வைன் கிளாஸ் என் கையில். கொஞ்ச நேரத்தில் அம்மாவிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

“கப்பல்லயுமா?”

வீட்டில் நான் குடிப்பதில்லை. வெளியேயும் அம்மாவுக்குத் தெரிந்து குடித்ததில்லை. அப்படியிருக்க அந்த ‘உம்’ எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. “சும்மா டேஸ்ட் பண்றதும்மா, சாப்பாட்டோட” என்று பதில் போட்டேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.

அன்று இரவு அறைக்குப் போனபின் தூக்கம் பிடிக்கவில்லை. நாங்கள் போய்க்கொண்டிருந்தது, என் தாத்தா ஐந்து வயதில் எதிர்த்திசையில் வந்த அதே தண்ணீர். நாடு திரும்பிய பிறகு சில மாதங்கள் நேரம் கிடைத்தபோதெல்லாம் இந்தக் கடலையும் குடியையும் பற்றிப் படித்தேன். அதில் கிடைத்தவற்றை என் குடும்பக் கதையோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் கப்பல்: யவனருடையது

தமிழரும் திராட்சை மதுவும் கப்பலில் சந்தித்த கதை ஏறக்குறைய 2,000 ஆண்டு பழையது. புறநானூற்றின் 56ஆம் பாடலில், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலைப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாளும் மகிழ்ந்திரு என்பது அந்த வாழ்த்தின் சாரம். இறக்குமதி மது, விலையுயர்ந்த கிண்ணம், பரிமாற ஆள். கப்பல் விருந்தில் நாங்கள் அனுபவித்ததும் கிட்டத்தட்ட இதேதான்.

இது புலவரின் கற்பனை மட்டும் அல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இரண்டு கைப்பிடி, கூர்மையான அடிப்பகுதி. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்கத் தோதான வடிவம். உள்ளே கசியாமல் இருக்க மரப்பிசின் பூச்சு. ஒரு பொறியாளனாக எனக்கு அந்த ஜாடியின் மேல் தனி மரியாதை உண்டு. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரியக் கடல் பெரிப்ளுஸ்’ என்ற வணிகக் கையேடு, முசிறிக்கு வந்த சரக்குகளில் வைனையும் சேர்க்கிறது. ஆனால் அதிகம் இல்லை என்றும் குறிக்கிறது. குறைவாக வந்ததால்தான் அது அரசனின் கிண்ணத்தோடு நின்றுவிட்டது.

ஊரார் குடித்தது கள். சங்கப் பாடல்களில் கள்ளும் நறவும் தோப்பியும் இல்லாத விருந்து குறைவு. பாணனுக்கும் பொருநனுக்கும் கறியோடு சேர்த்துத்தான் கள் வார்க்கிறார்கள். கொழுத்த ஆட்டிறைச்சி, சுட்ட மீன், நெய்யில் பொரித்தது என்று உடன் வந்த உணவு வகைகளைப் பத்துப்பாட்டில் நிதானமாகப் படித்தால், ‘பேரிங்’ ஒன்றும் பிரெஞ்சுக்காரனின் கண்டுபிடிப்பில்லை என்பது தெரியும். அதியமான் இறந்தபின் ஔவை பாடிய கையறுநிலையில் முதலில் நினைவுகூர்வதே அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தைத்தான். கொஞ்சமாக இருந்தால் முழுதும் பிறருக்கு, நிறைய இருந்தால் எல்லாரோடும் சேர்ந்து தனக்கும். ஒரு தலைவனின் பண்பை அளக்க அவளுக்குக் கிடைத்த அளவுகோல் அது.

இந்த இடத்தில் நம்மில் பலருக்கு ஒரு பெருமை வந்துவிடும். ‘பாருங்கள், தமிழன் அப்போதே வைன் குடித்தான்.’ எனக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெருமையை எடுத்துக்கொண்டு என் அம்மாவிடம் போக முடியாது. காரணம், எங்கள் குடும்பத்துக்கு மதுவைக் கொண்டுவந்தது நன்மாறனின் கப்பல் கிடையாது.

இரண்டாவது கப்பல்: ராஜுலா

மலேசியத் தமிழர் வீடுகளில் வயதானவர்களிடம் ‘எந்தக் கப்பலில் வந்தீங்க?’ என்று கேட்டால் பாதிப்பேர் ‘ராஜுலா’ என்பார்கள். எல்லாரும் அதில்தான் வந்தார்களா என்பது வேறு விசயம். கப்பல் என்றாலே ராஜுலா என்றாகிவிட்டது.

எஸ்.எஸ். ராஜுலா 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்தப் பெயர் வேறொரு விதத்தில் பழக்கம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கி அவரை நசுக்கப் பார்த்த அதே கம்பெனி. வ.உ.சி. சிறைக்குப் போனார், அவர் கம்பெனி முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நம் முன்னோரைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டிருந்தது.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது தடம். போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. ராஜுலாவின் மேல்வகுப்பு அறைகளில் சில டஜன் பேர். தளத்தில், அதாவது ‘டெக்’ பயணிகளாக, தொடக்கத்தில் 5,000 பேருக்கும் மேல் ஏற்றிச்செல்ல உரிமம் இருந்தது. நாங்கள் போன கப்பல் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆட்கள் அதைவிடக் குறைவு. அவரவர் பாயை விரித்த இடம்தான் படுக்கை. இறங்கியதும் பினாங்குக்காரர்களுக்கு ஜெரஜாக் தீவிலும் நம் பக்கத்தவர்க்கு போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் நோய்த்தடுப்பு முகாம். அதன் பிறகே தோட்டம்.

ராஜுலாவுக்கு அதே ஆண்டில் கட்டப்பட்ட ஒரு உடன்பிறப்பு உண்டு. பெயர் ரோனா. போர்க்காலத்தில் அதைப் படைவீரர்களை ஏற்ற எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவுக்கு அருகே ஜெர்மானிய விமானம் வீசிய வழிநடத்தப்பட்ட குண்டில் அது மூழ்கியது. இறந்தவர்களில் 1,000 பேருக்கு மேல் அமெரிக்க வீரர்கள். யவனரின் ஜாடிகள் கிளம்பிவந்த அந்த மத்தியதரைக் கடலில்தான், நம் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய கப்பலொன்று கிடக்கிறது.

என் தாத்தா 1937இல் அப்பா அம்மாவோடு வந்தார். அடுத்த வருசம் ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குப் போகும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. ஒரு வருசம் தள்ளியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறெங்கோ இருந்து எழுதியிருப்பேன், அல்லது எழுதியே இருக்க மாட்டேன். அவர்கள் போய்ச் சேர்ந்தது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம்.

கரையில் இருந்த கடை

அந்தத் தோட்டத்தில் கோயில் இருந்தது, ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி இருந்தது, கள்ளுக்கடை இருந்தது. பெரும்பாலான பெரிய தோட்டங்களின் வரைபடம் இதுதான். லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அரசு உரிமம் பெற்ற கள்ளுக்கடை.

கள்ளுக்கும் வைனுக்கும் வேதியியலில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. ஆனால் தென்னம்பாளையிலிருந்து சொட்டும்போதே கள் புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது சாயங்காலத்துக்குள் நான்கைந்து விழுக்காட்டை எட்டும். மறுநாள் காடியாகிவிடும். வைனில் சர்க்கரையும் அமிலமும் அதிகம். ஆல்கஹால் 12, 13 விழுக்காட்டுக்குப் போகும். அடைத்துவைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். கப்பலில் நாங்கள் கடைசியாகக் குடித்த போர்ட் வைனில் கூடுதலாகப் பிராந்தி சேர்ப்பார்கள். இங்கிலாந்துக்குப் போகும் கடல்வழியில் கெட்டுப்போகாமல் இருக்க அது உதவியது. மடெய்ரா வைன் இன்னும் ஒரு படி மேலே. வெப்ப மண்டலக் கடலில் கப்பலின் அடித்தளச் சூட்டில் ஆடி ஆடிப் போனதால் அதன் ருசி கூடியதைக் கண்டுபிடித்து, வேண்டுமென்றே பயணம் அனுப்பினார்கள்.

வைன் பயணம் செய்யும் மது. கள் பயணம் செய்யாது. அதைச் சேமிக்க முடியாது, அடுத்த ஊருக்கு அனுப்ப முடியாது. அன்றைக்கே, அங்கேயே விற்றாக வேண்டும். அன்றைக்கே அங்கேயே குடித்தாக வேண்டும். சுற்றி வேறு ஊரே இல்லாத தோட்டத்தில், மாலையில் கையில் காசோடு வரும் இருநூறு ஆண்களை விட்டால் கள்ளுக்கு வேறு சந்தை கிடையாது. அவர்களுக்கும் மாலையில் போவதற்கு வேறு இடம் கிடையாது. இந்த இரண்டு கட்டாயங்களும் சந்தித்த இடம்தான் கள்ளுக்கடை.

தோட்டத் துரைமார்கள் சொன்ன நியாயம் ஒன்று உண்டு. கள் சத்துள்ளது, மிதமானது. கடையை மூடினால் தொழிலாளிகள் சம்சு என்கிற கள்ளச்சாராயத்துக்குப் போய்விடுவார்கள். இது முழுப்பொய் இல்லை. சம்சு பிறகு உண்மையிலேயே வந்தது, கள்ளைவிட மோசமாகக் கொன்றது. ஆனால் அந்த நியாயத்தைச் சொன்னவர்களின் வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டும். உரிமக் கட்டணமும் வரியும் அரசுக்கு. குடித்தவன் தோட்டத்தை விட்டுப் போகாமல் இருப்பது தோட்டத்துக்கு. கொடுத்த கூலியில் ஒரு பங்கு தோட்ட எல்லைக்குள்ளேயே செலவாகிவிடும்.

இதைத் தொழிலாளிகள் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தை நாம் பெரும்பாலும் கூலி உயர்வுக்கான போராட்டமாக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் போக வேண்டும். கொடுமைக்காரக் கிராணிகளை மாற்ற வேண்டும். உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. அதே பட்டியலில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

சைக்கிளும் கள்ளும் ஒரே பட்டியலில் இருப்பதை நான் முதலில் படித்தபோது விநோதமாக இருந்தது. யோசித்தால் இரண்டும் ஒன்றுதான். யார் முன் குனிவது, மாலையில் எங்கே போவது என்பதைத் தன்னைத் தவிர வேறொருவர் முடிவு செய்யக்கூடாது. மே மாதம் நாதன் கைதானார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படை இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் உயிரிழந்தார்கள்.

போருக்குப் பின் 1947இல் கெடாவில் அதே கோரிக்கை மறுபடி எழுந்தது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் இயங்கிய ‘தொண்டர் படை’, கள்ளுக்கடைகளுக்கு எதிராக ஊர்வலம் போனது. பெண்களும் இளைஞர்களும் திரண்டார்கள். போலீசோடு மோதல், அங்கேயும் உயிர் போனது. பீடோங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கும் சுங்கை பத்துவும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத் தெருவில் குவிந்துகிடக்கும் சரக்குகளில் காழகத்துப் பொருளும் ஒன்று. காழகம் என்பது கடாரம்தான் என்று சொல்லும் உரைமரபும் உண்டு. மதுக்கடைக் கொடிகள் பறக்கும் துறைமுகத்தைப் பாடிய அதே பாட்டில் வரும் கடாரத்தில், கடையை மூடச் சொல்லித் தமிழர்கள் அடிவாங்கினார்கள். நம் மது வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் கொடியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு இப்போது உறுத்துகிறது.

மூன்றாவது கப்பல்: சிதம்பரம்

ராஜுலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு ‘ரங்கத்’ என்று பெயர் மாறி, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அந்தத் தடத்தில் அடுத்து வந்தது ‘சிதம்பரம்’. பெயரைக் கேட்டதும் எனக்கு வ.உ.சி. நினைவுதான். அவரைத் தோற்கடித்த கம்பெனியின் தடத்தில் கடைசியாக ஓடிய பெரிய பயணிகள் கப்பலுக்கு இந்தப் பெயர்.

ஆனால் சிதம்பரம் பிறந்தபோது அதன் பெயர் ‘பாஸ்தர்’. 1966இல் பிரான்சின் மெஸாஜெரி மாரிதீம் கம்பெனிக்காகக் கட்டப்பட்டு, ஐரோப்பாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே ஓடிய சொகுசுக் கப்பல். நொதித்தலுக்குக் காரணம் உயிருள்ள ஈஸ்ட்தான் என்று நிறுவிய, வைன் ஏன் கெட்டுப்போகிறது என்பதையே ஒரு நூலாக எழுதிய லூயி பாஸ்தரின் பெயர்! பிரெஞ்சுக் கப்பலில் இரவு உணவு மேசைக்கு வைன் வருவது சாதாரண வழக்கம். அந்த உணவுக்கூடம் பிறகு நம்மவர்கள் சோறும் சாம்பாரும் சாப்பிடும் கூடமானது. இதைப் படித்த அன்று உற்சாகத்தில் துள்ளிக்கொண்டு அம்மாவிடம் போனேன். கப்பலிலிருந்து நான் திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த ‘கப்பல்லயுமா’ பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“அம்மா, சிதம்பரம்னு ஒரு கப்பல் இருந்துச்சு தெரியுமா?”

அம்மா பாசார் போரோங்கில் வாங்கிவந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“தெரியுமாவா? நான் போயிருக்கேன்டா.”

இருபத்தெட்டு வருசமாக எனக்குத் தெரியாது.

1979. அம்மாவுக்குப் பதினொரு வயது. தாத்தாவின் பெற்றோர் ஐம்பதுகளிலேயே ஊர் திரும்பிவிட்டிருந்தார்கள். அவருடைய அம்மா படுத்த படுக்கை என்று கடிதம் வந்தது. பாட்டி கூட்டு கட்டிச் சேர்த்த காசில் மூன்று டிக்கெட். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கு வழியாக நாகப்பட்டினம். கிட்டத்தட்ட ஒரு வாரம்.

“அலையில எல்லாரும் வாந்தி. பங்க்ல மேல கீழ படுக்கை. சாப்பாட்டுக்கு வரிசை நிக்கணும். ஆனா எனக்கு அந்தக் கப்பல் ரொம்பப் பிடிக்கும்.”

“ஏம்மா?”

“அப்பா குடிக்கல.”

கப்பலில் பார் இருந்திருக்கலாம். காசு பாட்டியின் சுருக்குப்பையில் இருந்தது. முதல் இரண்டு நாள் தாத்தாவுக்குக் கை நடுங்கியது, எரிச்சல்பட்டார். மூன்றாம் நாள் சாப்பிட்டார். நாலாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு தளத்துக்குப் போய், தண்ணீரிலிருந்து எழும்பிப் பறக்கும் மீன்களைக் காட்டினார். தான் சின்னப்பிள்ளையாக வந்தபோதும் இதே மீன்களைப் பார்த்ததாகச் சொன்னார். ஐந்து வயதில் தளத்தில் பாய் விரித்துப் படுத்தது, கயிற்றில் தொங்கிய வாளி, அவருடைய அப்பா பாடிய பாட்டு என்று எல்லாம் சொன்னார். அவர் அவ்வளவு பேசுவார் என்பதே அம்மாவுக்கு அதுவரை தெரியாது.

நாகப்பட்டினத்தில் இறங்கியபோதும் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு 1974இல் திரும்ப வந்திருந்தது. 1981இல்தான் மறுபடி எடுத்தார்கள். ஊரில் கள்ளச்சாராயம் இருந்திருக்கும். தாத்தாவுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. ஆக, போக ஒரு வாரம், ஊரில் மூன்று வாரம், திரும்ப ஒரு வாரம்.

“அஞ்சு வாரம் எனக்கு அப்பா இருந்தாருடா. தோட்டத்துக்குத் திரும்பி வந்த அன்னிக்குப் பொட்டியைக்கூட அவிழ்க்கல. பாட்டி அடுப்பு பத்த வெச்சா. அவரு கடைக்குப் போய்ட்டாரு.”

தாத்தா 1989இல் கல்லீரல் கெட்டு இறந்தார். கடைசி வருசங்களில் கள்கூட இல்லை, சம்சுதான். நான் அவரைப் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு அந்த ‘உம்’ புரிந்தது. அம்மாவுக்குக் கப்பல் என்பது குடி இல்லாத ஒரே இடம். அங்கேயும் ஒரு கிளாஸ்.

துரையும் தாத்தாவும்

படித்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். உரிமம், வரி, 1941, ஹார்வர்ட் தோட்டம். கப்பலில் கடை வாசலில் இல்லாததால்தான் தாத்தாவால் நிறுத்த முடிந்தது, தோட்டத்தின் அமைப்பே அவரை மறுபடி இழுத்தது என்று விளக்கினேன். எனக்கே என் வாதம் நன்றாக இருந்தது.

அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“கடையைத் திறந்தது துரை. சரி. உள்ள போனது யாரு? அதே லயத்துல குடிக்காத ஆளும் இருந்தாங்கதானே? அஞ்சு வாரம் முடிஞ்சிச்சுன்னா அம்பது வாரம் ஏன் முடியல?”

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அமைப்பைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரியையும் திரும்பப் பெற மாட்டேன், அவை உண்மை. அம்மாவின் கேள்வியும் உண்மை. தாத்தாவை முழுக்கத் துரையின் கணக்கில் எழுதிவிட்டால் அவருக்கென்று எதுவுமே மிஞ்சாது, அந்த ஐந்து வாரம் உட்பட. அவர் குடிக்காமலிருந்தது அவருடைய செயல் என்றால் குடித்ததிலும் அவருக்குப் பங்கு இருந்தாக வேண்டும். வரலாற்றுக் கட்டுரைக்கு இது சங்கடமான முடிவு. மகளுக்கு அது முடிவே இல்லை, ஐம்பது வருசக் கேள்வி.

விருந்தன்று கொடுத்த உணவுப் பட்டியல் அட்டையை நான் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். அம்மா அதை வாங்கிப் பார்த்தார். இடது பக்கம் உணவு, வலது பக்கம் வைன்.

“இது என்னா, எதுக்கு எதிர எது?”

“சாப்பாட்டுக்கு ஏத்த வைன்மா. இறாலுக்கு இது, கறிக்கு இது.”

அம்மா சிரித்தார். சந்தோசச் சிரிப்பு கிடையாது. “எங்க வீட்டுல தலைகீழ். தண்ணிக்கு ஏத்த சாப்பாடு. சம்பளம் போட்ட அன்னிக்குப் பாட்டி கருவாடு பொரிக்கணும், காரமா கறி பிரட்டணும். அது அவருக்கு. எங்களுக்கு ரசம்.”

நன்மாறனின் பொற்கலத்தைப் பற்றிப் பாடிய புலவர், ஏந்தித் தந்த பெண்களின் கையில் வளையல் இருந்ததைச் சொல்கிறார். அவர்கள் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்பது பாட்டில் இல்லை. அதியமான் எல்லாரோடும் பகிர்ந்தான் என்று ஔவையே சாட்சி சொல்வதால் அது வேறு மாதிரியான மேசை. என் பாட்டிக்கு அப்படி ஒரு மேசை அமைந்ததே இல்லை. மது நல்லதா கெட்டதா என்று யாராவது என்னிடம் கேட்டால், இப்போது நான் முதலில் அந்த மேசையைத்தான் பார்ப்பேன். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நின்றுகொண்டிருக்கிறார்கள், காசு யாருடைய பையிலிருந்து போகிறது.

செலாயாங்கில் இதைப் பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், மொத்தச் சந்தையில் இரவெல்லாம் மூட்டை தூக்கிய மியன்மார், வங்காளதேசத் தொழிலாளிகள் விடியற்காலையில் திரும்புவார்கள். சிலர் கையில் மலிவு விலைச் சின்னப் போத்தல். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பெயர்களைக்கூட நாளிதழ்களில் தேட வேண்டியிருந்தது. தாத்தா இருந்த இடம் காலியாகவில்லை, ஆள் மாறியிருக்கிறது. எங்கள் ஆட்களே அவர்களைப் பார்த்து ‘இவனுங்க எப்பவும் தண்ணிதான்’ என்று சொல்வதைக் கேட்கிறேன்.

சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு அந்தத் தடம் முடிந்தது. பிறகு நம்மவர்கள் விமானத்தில்தான் போய்வருகிறார்கள். இப்போது கிள்ளான் துறைமுகத்தில் நாங்கள் ஏறியது எங்கும் போய்ச்சேர வேண்டிய அவசியம் இல்லாத கப்பல். மூன்று இரவு சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வரும்.

நான் வைனை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். அது பொய். நண்பர்களோடு அந்த மேசையில் சிரித்தது எனக்கு இன்னும் இனிக்கிறது. அடுத்த முறை கூப்பிட்டால் போவேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவேன்.

உணவுப் பட்டியல் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மா கேட்டார்:

“பறக்குற மீனு பார்த்தியா?”

“இல்லம்மா. இருட்டிடுச்சு. நாங்க உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்.”